சர்க்கார் ஹைட்ரஜன்

சர்க்காருக்குச் சொந்தமான வாயுவை அனுமதியில்லாமல் காற்றில் விட்டுவிட்டதாக ஆத்மநாதன்மீது குற்றச்சாட்டு வந்தபோது அவன் மனைவி மீனம்மாளுக்கு ஏழாம் மாதம்.

அவன் கீழப்புலிக்காடு உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். புதுக்கோட்டையிலிருந்து ஆவுடையார்கோவில் பக்கம் போகிற பஸ் அந்த ஊரைத் தாண்டி ஒரு பாலத்தில் ஏறி இறங்கினால் தஞ்சாவூர் ஜில்லா வந்துவிடும். அறுபத்தொன்றாம் வருஷம் அது. வேலையில் சேர்ந்து மூன்று வருஷமாகியும் இன்னும் நிரந்தரமாகவில்லை. பிள்ளை பிறப்பதற்குள் அந்த ஆர்டர் வந்துவிடும், பிறகு ஓட்டு வீடாகப் பார்த்துக் குடிபோகலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் திருப்பதி என்ற அதிகாரி தணிக்கைக்கு வந்தார்.

திருப்பதி மெலிந்த மனிதர், மரியாதையாகப் பேசுவார். பள்ளிக்கூடத்தில் இருந்த பெஞ்சு, மணி, பூகோளப் படம் எல்லாவற்றையும் எண்ணிவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அங்கே மேஜைமேல் இரண்டு நீளக் கண்ணாடிக் குழாய்கள் செங்குத்தாக நின்றன. அடியில் இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்திருந்தன. செயல்முறைக் கல்வித் திட்டத்தில் கொடுத்த மின்னாற்பகுப்புக் கருவி அது.

"கந்தக அமிலம் செலவு எழுதியிருக்கீங்க. பாட்டரி சார்ஜ் பண்ணின செலவும் இருக்கு. வரவு எங்கிட்டு சார்?" என்றார் திருப்பதி.

"வரவுன்னு ஒண்ணும் இல்லைங்க. பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறதுதான்."

"பாடம் வேற கணக்குல வந்துரும். இந்தக் கருவியிலேருந்து என்ன வந்துச்சுன்னு கேக்குறேன்."

ஆத்மநாதனுக்குக் குஷியாகிவிட்டது. அவன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பெரிய மனிதர் ஒருவர்கூட அந்தக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாக்பீஸை எடுத்தான். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு குழாயில் ஹைட்ரஜனும் மறு குழாயில் பிராணவாயுவும் சேரும் என்றான். எவ்வளவு சேரும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், தொண்ணூற்றாறாயிரத்து ஐந்நூறு கூலம் மின்சாரம் ஓடினால் ஒரு கிராம் ஹைட்ரஜன், அதன் கொள்ளளவு பதினோரு லிட்டர் சொச்சம் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனான்.

"நம்ம வகுப்புல அரை மணி நேரந்தான் விடுவோம். ஆம்பியர்ல அஞ்சுல ஒரு பங்கு. அப்ப முந்நூத்தறுபது கூலம். வகுத்துப் பாத்தா நாப்பத்திரண்டு சி.சி. ஹைட்ரஜன், இருபத்தொரு சி.சி. பிராணவாயு."

"அதுக்கு மேலயும் கீழயும் போகாதா?"

"எங்கே போகும்? கணக்கு கணக்குதானுங்களே."

திருப்பதி அதை வரிக்கு வரி எழுதிக்கொண்டார். அவர் கண்களில் நிஜமான மரியாதை தெரிந்தது. பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த அடைக்கலமேரி டீச்சரைக் கூப்பிட்டு வகுத்தல் சரியா என்று கேட்டார். டீச்சர் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரிதாங்க" என்றாள். சாட்சிக் கையெழுத்தும் போட்டாள்.

"சரி, அந்த நாப்பத்திரண்டும் இருபத்தொண்ணும் இப்ப எங்கே இருக்கு?" என்றார் திருப்பதி.

"ஹைட்ரஜனைக் கொளுத்திக் காட்டுவோம். டப்புனு ஒரு சத்தம் வரும். பிள்ளைங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். பிராணவாயு அப்பிடியே காத்தோட போயிரும்."

திருப்பதி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "என் சர்வீஸ்ல எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன் சார். எவ்வளவு சரக்கு போச்சுன்னு இவ்வளவு துல்லியமா ஒத்துக்கிட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று வாழ்த்திவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. சர்க்கார் செலவில் சர்க்கார் கருவியில் உற்பத்தியான வாயுக்களில் ஒரு பகுதியைத் தீயிட்டு அழித்தது ஏன், மீதியைப் பொது வெளியில் விட்டது யார் உத்தரவின்பேரில், இரண்டையும் திரும்பப் பெற இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன என்று அதில் மூன்று கேள்விகள்.

தலைமை ஆசிரியர் வீரய்யா அதை இரண்டு தடவை படித்தார். அவர் தமிழ் வித்துவான். வாயு என்றால் பஞ்ச பூதத்தில் ஒன்று என்பதோடு அவருக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் முடிந்தது.

"ஏன் தம்பி, அதை ஒரு சீசாவுல புடிச்சு மூடி வச்சிருக்கக் கூடாதா? கேட்டா எடுத்துக் காட்டியிருக்கலாமே."

"எதுக்குங்க வச்சிருக்கணும்?"

"எதுக்குன்னு கேட்டா எதுக்குத்தான் பதில் இருக்கு? இந்தப் பூகோளப் படத்துல பாதி கரையான் அரிச்சுப்போச்சு. மிச்சப் பாதிய நான் சுருட்டி வைக்கல? அதுனாலதான் என்னை ஒருத்தனும் ஒண்ணும் கேக்குறதில்ல."

ஆத்மநாதன் விளக்கம் எழுதினான். வாயு காற்றில் கலந்துவிட்டது, கலந்ததைப் பிரித்தெடுக்க வழியில்லை என்று பணிவோடு தெரிவித்துக்கொண்டான். அதற்குப் பதிலாக இன்னொரு மெமோ வந்தது. சம்பவ காலங்களில் காற்று எந்தத் திசையில் வீசியது என்று கிராமக் கர்ணத்திடம் அத்தாட்சி வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கர்ணம் நேர்மையான மனிதர். ஆனி ஆடியில் இந்த ஊரில் மேல்காற்றுதான் வீசும், அது கிழக்கே போகும் என்று எழுதிக் கொடுத்தார். கிழக்கே தஞ்சாவூர் ஜில்லா. ஆகவே திருச்சி ஜில்லாவின் உடைமை ஒன்று உரிய மாற்றல் உத்தரவு இல்லாமல் பக்கத்து ஜில்லாவுக்குப் போயிருக்கிறது என்று குற்றச்சாட்டில் ஒரு பிரிவு கூடிற்று. முழு விசாரணை முடிகிறவரை அவனுடைய நிரந்தர ஆர்டரை நிறுத்தி வைத்திருப்பதாகக் கடைசி வரியில் கண்டிருந்தது.

ஊருக்குள் விஷயம் வேறு விதமாகப் பரவியது. வாத்தியார் சர்க்கார் ஆபீசர் முன்னால் வாயு விட்டுவிட்டாராம், அதனால் வேலை போகப்போகிறதாம் என்று பேசிக்கொண்டார்கள். மீனம்மாள் தண்ணீருக்குப் போன இடத்தில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் அரைக்குடம் தண்ணீரோடு திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெசமா என்னதாங்க பண்ணுனீங்க?"

ஆத்மநாதன் முதலிலிருந்து விளக்கினான். தண்ணீர், பாட்டரி, கூலம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கவனமாகக் கேட்டாள்.

"சோறு வடிக்கிறப்ப ஆவி போகுதே, அந்த மாதிரியா?"

"ஏறக்குறைய அப்பிடித்தான்."

"அதுக்கா நம்ம வேலைய நிறுத்தி வச்சிருக்காக?" என்று கேட்டுவிட்டு மீனம்மாள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பான். அவள் அழவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். 

விசாரணை புதுக்கோட்டையில் நடந்தது. செயல்முறைக் கல்வித் திட்ட அலுவலகம் சமஸ்தான காலத்துக் குதிரை லாயம் ஒன்றில் இருந்தது. சுவரில் குதிரை கட்டுகிற இரும்பு வளையங்களை எடுக்காமலே வெள்ளையடித்திருந்தார்கள். ஒவ்வொரு வளையத்தின் கீழும் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். கடைசித் தடுப்பில் ஸ்பெஷல் ஆபீசர் இருந்தார். உருண்டை முகம், நல்ல சிரிப்பு.

"உட்காருங்க மிஸ்டர் ஆத்மநாதன். முதல்லயே சொல்லிடறேன். எனக்கு விஞ்ஞானம் தெரியாது. நான் படிச்சது சரித்திரம். அதனாலதான் இந்தத் திட்டத்துக்கு என்னைப் போட்டிருக்காங்க. விஞ்ஞானம் தெரிஞ்சவனைப் போட்டா அவன் விஞ்ஞானத்தோட பக்கம் பேசிடுவான் இல்லையா? நிர்வாகத்துக்கு நடுநிலைமை வேணும்."

"அந்த வாயுவால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லைங்க. பிள்ளைங்க பாக்குறதுக்காக..."

"பிரயோஜனம் இல்லாத பொருளைத்தான் ரொம்பக் கவனமாப் பாத்துக்கணும். பிரயோஜனம் உள்ளது காணாமப் போனா அதை உபயோகப்படுத்துறவன் உடனே வந்து சத்தம் போடுவான். இதுக்கு யார் சத்தம் போடுவா? நாமதான் போடணும். இந்த ஆபீஸ் இருக்கறதே அதுக்குத்தான்." அவர் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஜில்லாவில இத்தனை பள்ளிக்கூடத்துக்குக் கருவி குடுத்திருக்கோம். மத்த எவனும் அதைப் பெட்டியை விட்டு வெளியிலேயே எடுக்கல. அவங்க மேல ஒரு புகார் உண்டா? எல்லாரும் நிரந்தரமாயிட்டாங்க. நீங்க மட்டும் எடுத்து உபயோகப்படுத்தியிருக்கீங்க. ஏன் உங்களுக்கு அப்படித் தோணிச்சுங்கறதுதான் எனக்குக் கவலையா இருக்கு."

 பிள்ளைகளுக்கு அந்த டப்பென்ற சத்தம் பிடிக்கும் என்று மட்டும் ஆத்மநாதன் சொன்னான். கடைசியில், உற்பத்தியின் அளவை உறுதி செய்ய ஒரு கமிட்டி முன்னிலையில் சோதனையைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று.

கமிட்டி ஒரு ஜீப்பில் வந்தது. ஸ்பெஷல் ஆபீசர், திருப்பதி, இரண்டு குமாஸ்தாக்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்ததால் வெயில் உச்சத்தில் இருந்தது. ஆய்வுக்கூடத்தின் தகரக் கூரை தகித்தது. ஆத்மநாதன் கருவியில் புதுத் தண்ணீர் நிரப்பி, துளி அமிலம் விட்டு, பாட்டரிக் கம்பியை இணைத்தான். குழாய்களில் சின்னச் சின்னக் குமிழிகள் மேலேறத் தொடங்கின. குமாஸ்தாக்களில் ஒருவர் தன்னை மறந்து குனிந்து பார்த்தார். ஸ்பெஷல் ஆபீசர் இருமியதும் நிமிர்ந்துகொண்டார்.

அரை மணி முடிந்து அளவு பார்த்தார்கள். ஹைட்ரஜன் நாற்பத்தேழு சி.சி. இருந்தது. பிராணவாயு இருபதுதான் இருந்தது.

திருப்பதி தம் குறிப்பைப் பிரித்தார். "கணக்குப்படி நாப்பத்திரண்டு. அஞ்சு கூடுதல். இருபத்தொண்ணு வரவேண்டியதுல ஒண்ணு குறைவு. அது கணக்கு, மேலயும் கீழயும் போகாதுன்னு சார்தான் சொன்னாரு."

"கணக்கு பூஜ்யம் டிகிரி வெப்பத்துக்குங்க. இங்கே வெயில். சூட்டுல வாயு விரியும், அதோட நீராவியும் கலக்கும். அதான் ஹைட்ரஜன் கூடியிருக்கு" என்றான் ஆத்மநாதன்.

"சூடு ரெண்டு குழாய்க்கும் ஒண்ணுதானே? அப்ப இது ஏன் குறைஞ்சது?" என்றார் ஸ்பெஷல் ஆபீசர்.

"பிராணவாயு கொஞ்சம் தண்ணியிலேயே கரைஞ்சிரும்ங்க. புதுத் தண்ணி வேற."

ஸ்பெஷல் ஆபீசர் திருப்பதியைப் பார்த்தார். திருப்பதி தலையாட்டிக்கொண்டே எழுதினார். கூடியதற்குக் காரணம் வெயில், குறைந்ததற்குக் காரணம் தண்ணீர் என்று சம்பந்தப்பட்டவர் ஒப்புக்கொள்கிறார். வெயிலும் தண்ணீரும் அரசாங்க ஊழியர்கள் அல்லாததால் பொறுப்பு முழுவதும் இவரையே சாரும்.

"கூடுதலா வந்த அஞ்சு சி.சி. போன மூணு வருஷமும் வந்திருக்கும். அது இதுவரைக்கும் வெளியிலேயே வரல" என்றார் திருப்பதி வருத்தத்தோடு.

பிறகு குறைந்துபோன பிராணவாயுவைப் பற்றிப் பேச்சு வந்தது. கமிட்டி இருந்த அறையிலேயே அது குறைந்திருப்பதால் உறுப்பினர்கள்மேல் சந்தேகம் வரக்கூடாது என்று ஸ்பெஷல் ஆபீசர் நினைத்தார். சோதனை நடந்த நேரத்தில் தாங்கள் யாரும் சர்க்கார் பிராணவாயுவைச் சுவாசிக்கவில்லை என்று நால்வரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். திருப்பதி பேனாவை ஆத்மநாதனிடம் நீட்டினார்.

"நான் சுவாசிச்சிருப்பேங்க" என்றான் ஆத்மநாதன். "எல்லாரும்தான் சுவாசிச்சிருப்போம்."

நீட்டிய பேனாவைத் திருப்பதி திரும்ப இழுத்துக்கொண்டார். குமாஸ்தா ஒருவர் மட்டும் இரக்கத்தோடு அவனைப் பார்த்தார்.

ஜீப்பில் ஏறுமுன் ஸ்பெஷல் ஆபீசர் அவனை வேப்ப மரத்தடிக்குத் தனியாக அழைத்துப் போனார். தோளில் கை போட்டார்.

"உங்களைக் கெடுக்கணும்னு எனக்கு ஆசை இல்லை. வீட்டில மாசமா இருக்காங்கன்னு ஹெட்மாஸ்டர் சொன்னார். ஒரே வழிதான் இருக்கு. உற்பத்தி ஆச்சுன்னா நஷ்டம் உண்டு. உற்பத்தியே ஆகலைன்னா நஷ்டம் எங்கேருந்து வரும்? தண்ணியில மின்சாரம் பாய்ச்சினா குமிழி மாதிரி ஒரு தோற்றம் உண்டாகும், வாயு எதுவும் உண்டாகாதுன்னு உங்க கைப்பட எழுதிக் குடுத்துடுங்க. அடுத்த தபால்ல உங்க ஆர்டர் வரும்."

"எல்லாரும் இப்பத்தான் கண்ணால பாத்தோம்ங்க."

"நான் குமிழியைத்தான் பாத்தேன்" என்றார் அவர்.

ஆத்மநாதன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றிருந்த அடைக்கலமேரி டீச்சர் அவனைப் பார்த்துத் திரும்பி வந்தாள். வேப்ப மரத்தடிப் பேச்சு வகுப்பு ஜன்னல் வழியாக அவள் காதிலும் விழுந்திருந்தது.

"எழுதிக் குடுக்காதீங்க சார். வேலை போனா வேற எடம் பாத்துக்கலாம். எங்க சர்ச் ஸ்கூல்ல கேட்டுப் பாக்குறேன்."

"அங்கே எடம் இருக்கா டீச்சர்?"

அவள் பஸ் வருகிற பக்கம் பார்த்தாள். "இப்ப இல்ல."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"எனக்குத் தெரியல சார். தெரியாமத்தான் சொல்றேன்" என்றாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் மீனம்மாளுக்குக் கால் வீங்கியிருந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்று மருத்துவச்சி முனியாயி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆத்மநாதன் நடந்ததையெல்லாம் சொன்னான். எழுதிக் கொடுங்கள் என்று மீனம்மாள் சொல்லவில்லை. கொடுக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. "ஒங்களுக்கு எது சரின்னு படுதோ செய்ங்க. எனக்கென்ன தெரியும்?" என்று காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டேதான் அவன் எழுதினான். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவதால் வாயு எதுவும் உண்டாவதில்லை. இதற்கு முன் நான் சொன்னவை ஆர்வ மிகுதியால் சொன்னவை. கையெழுத்து அவனுடைய வழக்கமான கையெழுத்தாகவே விழுந்தது. 

ஸ்பெஷல் ஆபீசர் வாக்குத் தவறவில்லை. ஆர்டர் வந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் மீனம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம். வீரய்யா வெல்லமும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். ஓட்டு வீடும் கிடைத்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகத்தான் ஆத்மநாதனும் நினைத்துக்கொண்டான்.

பள்ளிக்கூடம் திறந்தபோது எல்லா உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுபவமுள்ள விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் நேரடியாக ஆராய்ந்து எழுத்துமூலம் தெரிவித்திருப்பதன் அடிப்படையில், மின்னாற்பகுப்பில் உண்டாகும் வாயுவின் அளவு என்ன என்ற கணக்குக்கு இனி 'சைபர்' என்பதே சரியான விடை. விடைத்தாள்கள் அலுவலகத்தில் சரிபார்க்கப்படும். மாறான விடைக்கு மதிப்பெண் வழங்கும் ஆசிரியர் வாயுவுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

ஆத்மநாதன் அந்தப் பாடத்தை வேகமாக நடத்தினான். ஒரு வரியைச் சொன்னான். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். போன வருஷம் மேல் வகுப்புக்காரர்களுக்கு ஹைட்ரஜன் டப்பென்று வெடித்தபோது ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கைதட்டியவர்கள் அவர்களில் பாதிப் பேர். ஒருவரும் தலை நிமிரவில்லை.

காலாண்டுப் பரீட்சையில் செவந்தி என்ற பெண் மட்டும் சைபர் என்று எழுதவில்லை. ஏனாதி பக்கத்திலிருந்து தினம் நடந்து வருகிற விவசாயி வீட்டுப் பெண். கூலத்தைக் கண்டுபிடித்து, வகுத்து, பெருக்கி, கீழே கோடு போட்டு விடையை எழுதியிருந்தாள். வெயிலுக்கு எவ்வளவு கூடும் என்றுகூட ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அதை அவன் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. அந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டுச் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு சைபர் கொடுத்தான்.

தாள் திருப்பிக் கொடுத்த அன்று மணி அடித்து எல்லாரும் போனபிறகு அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணில் கோபம் இல்லை. தாளை விரித்து வைத்தாள்.

"சார், எந்த எடத்துல தப்புப் பண்ணியிருக்கேன்னு மட்டும் காட்டுங்க சார். ராத்திரியெல்லாம் போட்டுப் போட்டுப் பாத்தேன். எனக்குக் கண்டுபிடிக்க முடியல."

ஆத்மநாதன் தாளைக் கையில் வாங்கினான். முதல் வரியிலிருந்து படித்தான். இரண்டாவது வரி, மூன்றாவது வரி. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி விடையில் வந்து நின்றது. அலுவலகத்தில் சரிபார்க்கிறவர்களின் முகம், மீனம்மாளின் வீங்கிய கால், தொட்டிலில் கிடக்கிற குழந்தை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவன் விரலை எடுத்து முதல் வரிக்கே கொண்டுபோய் ஓர் இடத்தில் வைத்தான். எந்த இடம் என்று அவன் பார்க்கவில்லை.

"இங்கே" என்றான்.

செவந்தி குனிந்து அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

"ஆமா சார்" என்றாள். "இப்பப் புரியுது."